முதல் முறை பச்சை குத்தப் போனவர்கள்: காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

பள்ளத்தூர்க்காரி:

என் அப்பத்தாவின் இடது முன்கையில் ஒன்பது புள்ளி வைத்த சிக்குக் கோலம் ஒன்று பச்சை குத்தியிருந்தது. அவளுக்கு வயதாக ஆகக் கோடுகள் தடித்து, கடைசிக் காலத்தில் எது புள்ளி எது கோடு என்று தெரியாமல் கலங்கிப் போயிற்று. அவள் போய் ஓராண்டு நிறைந்தபோது, அதே கோலத்தை என் கையில் குத்திக்கொள்ள வேண்டும் என்று மனத்தில் விழுந்துவிட்டது. எனக்கு 43 வயது. கல்லூரிப் பிள்ளைகள் போகிற கடையில் நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்ற தயக்கத்திலேயே நான்கு மாதம் ஓடியது.

கடை காரைக்குடியில், ஒரு மாடியில் இருக்கிறது. குத்துகிற தம்பிக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். உட்காரச் சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “சாப்பிட்டு வந்தீர்களா, அக்கா?” வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் மயக்கம் வரும் என்பதால் எல்லோரிடமும் கேட்பாராம். பிறகு சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பழைய காயத் தழும்பு ஏதாவது தடித்து வளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்குச் சர்க்கரை உண்டு. சொன்னேன். “அப்படியென்றால் இன்றைக்கு வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கடைசியாக எடுத்த பரிசோதனைச் சீட்டையும் கொண்டு வாருங்கள்” என்றார். முன்பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. படி இறங்கும்போது ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

அடுத்த வாரம் சீட்டோடு போனேன். அப்பத்தாவின் கை தெரிகிற படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான், என் மகளின் காதுகுத்தில் எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு புள்ளிகள் வளையலுக்கு அடியில் மறைந்திருந்தன. அவர் வரைந்து காட்டிய படம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது அப்பத்தாவுடையது இல்லை. அதைச் சொல்லவும் எனக்குக் கூச்சம். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, “நீங்களே கோலமாகப் போட்டுக் காட்டுங்கள்” என்றார். கண்ணால் பார்த்தபோது வராதது கையால் போட்டபோது வந்துவிட்டது. அவர் தன் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, என் தாளில் இருந்ததையே நகலெடுத்தார்.

ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும் என்று கேட்டேன். தோலுக்குள் போன மை வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவும், நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று விளக்கினார். அப்பத்தாவின் கோலம் கலங்கியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அளவைக் கூட்டச் சம்மதித்தேன்.

படத்தின் அச்சைத் தோலில் பதிக்கிற ஸ்டென்சில் தாளை மூன்று முறை ஒட்டினார். கையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் நேராக இருந்தது, திருப்பினால் சாய்ந்தது. இரண்டு தடவையும் பொறுமையாகத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். ஊசிப் பொட்டலத்தை என் எதிரில்தான் பிரித்தார், அதிலிருந்த காலாவதித் தேதியைக் காட்டிய பிறகு. மையைப் புதுக் கிண்ணத்தில், விரல் நுனி கொள்கிற அளவுக்கு மட்டும் ஊற்றினார். முதல் புள்ளியை வைத்ததும் எந்திரத்தை நிறுத்தி, “இவ்வளவுதான் வலி. தொடரலாமா?” என்று கேட்டார். வெயிலில் வெந்த தோலில் நகத்தால் கீறுவது போல இருந்தது. தாங்க முடிந்தது. அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் ஒரு புள்ளியோடு மரியாதையாக எழுந்து வந்திருக்கலாம்.

உங்களுக்கு எப்படி நடந்தது? எழுதுங்கள்.

தேவகோட்டையான்:

அக்கா, உங்களுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. வேலைக்குப் போன ஊரில், 22 வயதில், ஆத்தாவின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு கடைக்குப் போனேன். ஊசி புதிதா என்று கேட்டதற்கு, “பயமாக இருந்தால் ஏன் வந்தாய்?” என்றார் குத்துகிறவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. முதல் முறை போகிறவனின் வாயை அடைப்பதைவிடப் பெரிய கெடுதல் வேறு இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்டென்சிலைப் படித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது. வள்ளியம்மை என்பதில் முதல் ளகரத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி இல்லை. வீட்டுக்கு வந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். ஊசியையும் தேவைக்கு மேல் ஆழமாக இறக்கியிருக்கிறார். தோலின் மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் போனால் போதுமாம். அதையும் தாண்டினால் மை பக்கவாட்டில் கசியும். என் கையில் எழுத்தைச் சுற்றி நீலப் புகை படிந்தது போல இன்றும் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துக் காரைக்குடியில் ஒருவரிடம் காட்டினேன். முதலில் அவர் ஒன்றும் சொல்லாமல், விரலால் தடவித் தோல் முழுவதும் ஆறியிருக்கிறதா என்று பார்த்தார். கசிந்ததைத் திருப்ப முடியாது என்று நேராகச் சொன்னார். புள்ளியை மட்டும் வைத்துக் கொடுத்தார். ஆத்தாவிடம் அன்றைக்குத்தான் கையைக் காட்டினேன்.

கானாடுகாத்தான் பெரியவர்:

உங்கள் அப்பத்தாவுக்கு யார் குத்தியிருப்பார்கள் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். நான் சிறுவனாக இருந்தபோது குன்றக்குடித் திருவிழாவில் ஒரு குறத்தி அம்மாளிடம் என் தாயார் பச்சை குத்திக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார். ஒரு சிரட்டையில் கரிமை. தாயாரின் கையைத் தன் மடியில் வைத்து, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாடிக்கொண்டே குத்தினார். தாயார் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் பாட்டு உரத்துவிடும். முடிந்ததும் மஞ்சளை அரைத்துப் பூசினார்.

அதே ஊசியால்தான் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் குத்தினார். மஞ்சள் காமாலைக் கிருமி அப்படிப் பரவும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மடியும் பாட்டும் என் நினைவில் அப்படியே இருக்கின்றன. வலிக்கிறவளுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊசி பிடிப்பவன்:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறோம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பையன்கள் பலர் இராணுவத்துக்கு முயல்கிறவர்கள். நிரந்தரப் பச்சை முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும் இருக்கலாம் என்பது இராணுவத்தின் பொதுவான விதி. பழங்குடியினருக்குத் தனிச் சலுகை உண்டு. இது தெரியாமல் கழுத்தில் குத்திக்கொண்டு, உடல் தேர்வில் வெளியே வந்த பிள்ளையை எனக்குத் தெரியும். அதனால் என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்காமல் நான் ஊசியைத் தொடுவதில்லை. பதினெட்டு முடியாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வழக்கமாக இரத்த தானம் செய்கிறவர்களிடம், குத்திக்கொண்டால் ஓராண்டு கொடுக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒருவர் அதைக் கேட்டு, தம்பியின் அறுவை சிகிச்சைக்குத் தான்தான் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று நாளைத் தள்ளிப் போட்டார்.

புதிதாக வருகிறவர் மூச்சை அடக்கிக்கொள்வார். அவருக்கே அது தெரியாது. கோடு இழுக்கும்போதெல்லாம் மூச்சை வெளியே விடச் சொல்வேன். என் கண் பாதி நேரம் அவர் உதட்டின் மேல்தான் இருக்கும். உதடு வெளுத்தால் உடனே நிறுத்தி, நாற்காலியைச் சாய்த்து, சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு கொடுப்பேன். சர்க்கரை நோய் இல்லையென்று முன்பே கேட்டு வைத்திருப்பதால் தயங்காமல் கொடுக்க முடிகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆத்தங்குடித் தரைக்கல் பூவைக் கொண்டு வந்து மணிக்கட்டில் சுண்டைக்காய் அளவுக்குக் கேட்காதீர்கள். அத்தனை இதழும் பத்து வருடத்தில் ஒரே கறையாகிவிடும். ஒரு இதழைப் பெரிதாகக் கேளுங்கள், மனம் வைத்துப் போட்டுத் தருகிறோம்.

பள்ளத்தூர்க்காரி:

எல்லாவற்றையும் படித்தேன். பெரியவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

என் கையில் பத்தாம் நாள் தோல் மெல்லிய சருகாக உரிந்தது. சொறியக் கூடாது, ஊருணியில் இறங்கக் கூடாது, வெயில் படக் கூடாது என்று குத்திய தம்பி எழுதிக் கொடுத்தபடியே இருந்தேன். ஓரத்துப் புள்ளி ஒன்று மட்டும் மை பிடிக்காமல் வெளிறிவிட்டது. ஆறாவது வாரம் போனபோது அந்த ஒரு புள்ளியை மறுபடி வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தார், அப்பத்தாவின் மூத்த மகள். என் கையை வெளிச்சத்துக்கு இழுத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு மூன்றாவது புள்ளிக்குப் பக்கத்தில் விரலை வைத்து, “இந்த இடத்தில் ஆத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் வளைந்து வரும்” என்றார். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கியவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தனக்கும் வேண்டும் என்கிறார், அந்த வளைவோடு. அத்தைக்கு 67 வயது. தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.