விமானத் தளத்து மீட்பு ஹெலிகாப்டர் யாருக்காக நிற்கிறது?

தூத்தூர் கடலோடி:
எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு மனு தயாராகிறது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்த பிறகு கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லாரும் குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தோமே, அந்தக் காலத்திலிருந்தே எங்கள் ஊரில் பேசுவது ஒன்றுதான்: மீட்பு ஹெலிகாப்டர் நம் பக்கத்தில் நிற்க வேண்டும். மனுவில் என் மச்சான் ஒரு வரி எழுதியிருக்கிறான்: “வெளிநாடுகளில் ஒவ்வொரு விமானப்படைத் தளத்திலும் பொதுமக்களுக்காக ஒரு மீட்பு ஹெலிகாப்டர் பிரிவு உண்டு.” இது சரியா? இந்தப் பிரிவுகள் எப்படி உருவாயின, யார் கீழே இருந்தன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரணியல் வாசகன்:
இங்கிலாந்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த விமானப்படை ஹெலிகாப்டர்கள் இருந்தன. இளவரசர் வில்லியம்கூட அதில் பைலட். மச்சான் அதைத்தான் சொல்கிறார் போல.

தக்கலை ஏர்ஃப்ரேம்:
தம்பி, அந்த வரியை முதலில் வெட்டுங்கள். விவரம் தெரிந்த அதிகாரி கையில் போனால் மனு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கிறவன். பாதி சர்வீஸ் சேதக் ஹெலிகாப்டரோடு போனது. ஃபைட்டர்கள் பறக்கிற நேரத்தில் எங்கள் சேதக் ஒன்று, ஆளைத் தூக்கும் விஞ்ச் எல்லாம் சோதித்துத் தயாராக நிற்கும். பைலட் பாராசூட்டில் குதித்துவிட்டால் போய் எடுத்துவர. வெள்ளத்துக்கும் போயிருக்கிறோம், ஆனால் அதற்கு மேலிருந்து உத்தரவு வர வேண்டும். தளத்து மீட்புப் பிரிவு பிறந்ததே சொந்த விமானத்துக்காகத்தான். பல நாடுகளில் ஆரம்பம் இதுதான்.

அமெரிக்கக் கதை இதில் நல்ல பாடம். அவர்கள் 1946 இல் ஏர் ரெஸ்க்யூ சர்வீஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆனால் தளங்களில் நின்ற ஹெலிகாப்டர்கள் அதன் கீழே இல்லை, அந்தந்தத் தளத்தின் கமாண்ட் கையில் இருந்தன. 1961 இல்தான் அத்தனையையும் இந்த சர்வீஸின் கீழே கொண்டுவந்தார்கள். ஹெலிகாப்டர் நிற்பது பழைய தளத்தில்தான், ஆனால் அது இனி வேறொரு தலைமையின் டெட்டாச்மென்ட், அதாவது அங்கிருந்து பிரித்து அனுப்பிய சிறு பிரிவு. தளத் தளபதிகள் முகம் சுளித்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. பயிற்சியும் ஸ்பேரும் ஒரே மாதிரி ஆக வேண்டுமானால் வேறு வழியும் கிடையாது.

அவர்கள் வைத்திருந்தது கேமன் ஹஸ்கி, எச்எச்-43. வால் ரோட்டரே கிடையாது. இரண்டு ரோட்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுற்றும். வயிற்றுக்குக் கீழே சுமார் 450 கிலோ எடையில் ஒரு தீயணைப்பு உருண்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு எரியும் விமானத்துக்குப் போவான். தீயணைப்பு ஆட்களை இறக்கிவிட்டு, மேலே நின்று ரோட்டர் காற்றாலேயே தீயை ஒரு பக்கமாகத் தள்ளி வழி விடுவான். இதைப் படித்தபோது ஒரு ஃபிட்டராக எனக்கு வயிறு கலங்கியது. எவ்வளவு சூடு, எவ்வளவு புகை!

ஓடுபாதைக்கென்று செய்த இந்தச் சின்ன மெஷினை 1964 இல் வியட்நாம் போருக்கு அனுப்பினார்கள். எதிரி நிலத்தில் விழுந்த பைலட்டை எடுக்கும் வேலையும் அதன் தலையில் விழுந்தது. தூரம் எட்டவில்லை. பிறகு பெரிய எச்எச்-3 வந்தது, 1967 இலிருந்து அதற்குப் பறக்கும்போதே எரிபொருள் நிரப்பினார்கள். போர் முடிந்த பிறகு மீட்பு சர்வீஸ் பாகப்பிரிவினை முடியாத வீட்டுக் கிணறு மாதிரி ஆளாளுக்குக் கை மாறியது. 1983 இல் வேறொரு தலைமையின் கீழ், 1989 இல் பழைய பெயரோடு மறுபடி தனி சர்வீஸ், 1993 இல் ஏர் காம்பாட் கமாண்ட் (போர் விமானங்களின் தலைமை), 2003 இல் சிறப்புப் படைக்காரர்கள், 2006 இல் திரும்பவும் ஏர் காம்பாட் கமாண்ட்.

இரணியல்காரர் சொன்ன மஞ்சள் ஹெலிகாப்டர் உங்களுக்கு இன்னும் உபயோகம். 1950களில் அதுவும் விழுந்த பைலட்டுக்காகத்தான் தொடங்கியது. ஒரு ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) முழுதும் ஒரே இடத்தில் நிற்காது. இரண்டிரண்டு ஹெலிகாப்டராகப் பிரித்து, கடற்கரைத் தளங்களில் ஃப்ளைட், ஃப்ளைட்டாக, அதாவது சிறு சிறு குழுவாக நிறுத்தினார்கள். பகலில் கூப்பிட்டால் 15 நிமிடம், இரவில் 45 நிமிடம், அதற்குள் கிளம்ப வேண்டும். நாளடைவில் தூக்கியதில் பெரும்பாலும் மீனவர்கள், மலையேறிகள் போன்ற பொதுமக்கள்தான். கடைசியில் 2015 இல் விமானப்படை இந்த வேலையை விட்டது. இப்போது அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் பெயரில் ஒரு தனியார் கம்பெனி பறக்கிறது.

இனி நம்ம ஊர்க் கணக்கு. கோவை பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கன்னியாகுமரி நேர்கோட்டில் 325 கிலோமீட்டர். எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகும், கிளம்ப எடுக்கும் நேரம் தனி. ஆகவே “எங்களுக்கு ஹெலிகாப்டர் வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். “இரண்டு ஹெலிகாப்டர் கொண்ட ஒரு ஃப்ளைட், இத்தனை நிமிடத் தயார்நிலை” என்று எழுதுங்கள். விமானப்படையிடம் கேட்காதீர்கள், கடலோரக் காவல்படையிடம் கேளுங்கள். கடலில் தேடுதல், மீட்பு இரண்டையும் ஒருங்கிணைக்கிற பொறுப்பு அவர்களுடையது.

குளச்சல் ஜெனி:
என் சித்தப்பா காவல்படைக் கப்பலில் இருந்தவர். அவர் எப்போதும் சொல்வது, கடலில் ஆபத்தென்றால் முதலில் காவல்படையின் 1554 ஐக் கூப்பிடு, ஊர்த் தலைவரைத் தேடி ஓடாதே என்று.

தூத்தூர் கடலோடி:
நன்றி சார், மச்சானிடம் காட்டிவிட்டேன், வரியை வெட்டியாகிவிட்டது. இரண்டு சந்தேகம். நம்ம விசைப்படகுகள் 300 கடல் மைலுக்கு அப்பாலும் போகின்றனவே, அங்கே என்ன செய்வது? அப்புறம், துறைமுகத்தில் ஒரு ஹெலிபேட் போட்டால் போதாதா?

தக்கலை ஏர்ஃப்ரேம்:
300 கடல் மைல் என்றால் 550 கிலோமீட்டருக்கு மேல். கரையிலிருந்து சேதக், துருவ் போன்ற ஹெலிகாப்டரால் அங்கே போய், ஆளைத் தூக்கி, திரும்பி வர முடியாது. அங்கே டோர்னியர் விமானம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், ஹெலிகாப்டர் கப்பலிலிருந்து எழும்ப வேண்டும். இதை மனுவில் தனிப் பத்தியாக வையுங்கள், கரைப்பக்கக் கோரிக்கையோடு கலக்க வேண்டாம்.

ஹெலிபேட் மட்டும் போதாது, மக்களே. அது இறங்குவதற்கு ஒரு சிமெண்ட் தரை, அவ்வளவுதான். ஹெலிகாப்டர் அங்கேயே தங்க வேண்டுமானால் ஹேங்கர், எரிபொருள், இரவு விளக்கு, ஆட்கள் தங்க இடம் எல்லாம் வேண்டும். உப்புக்காற்று வேறு. கடல் மேல் தாழப் பறந்து வந்தால் எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் பிளேடுகள் அரித்துப் போகும். நல்ல தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.