நாகத் தகட்டுப் பூச்சு உரிந்து வருகிறது: கயோலினா, காரீயமா?

பனிமேடு (ஹட்டன்):
நான் செய்வது நாகம் (துத்தநாகம்)–மங்கனீசு ஈரொட்சைட்டு மின்கலம், பை வடிவில். 0.1 மி.மீ. தகடு, கண்ணாடி இழைப் பிரிப்பான், 2 மோலார் நாக சல்பேற்று (தேயிலைக்குத் தெளிக்கிற அதே உப்பு). சில தடவை ஏற்றி இறக்கியதுமே பை உப்பி, தகட்டில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறது. தகட்டைக் காக்க, பிவிடிஎஃப் பிசினை என்எம்பி கரைப்பானில் கரைத்து, அதில் கயோலின் (வெண்களிமண்) குழைத்துப் பூசிய பூச்சும் தோலாக உரிகிறது. காரீயம் (பென்சில் கரி) தேய்த்தாலே போதும் என்கிறார்களே, சரியா?

மின்பகுப்பான்:
முதலில் உப்பை மாற்றுங்கள் தம்பி. தெளிக்கும் தரத்தில் இரும்பு முதலான மாசு உலோகங்கள் இருக்கும். அவை நாகத்தின் மேல் படிந்த இடத்தில் ஐதரசன் சுலபமாக வெளியேறும். அங்கே நீர் காரமாவதால் மூல நாக சல்பேற்று வீழ்படிகிறது. அந்தப் பொருக்கு அதுதான். ஆய்வுகூடத் தர ஏழுநீரேற்று 57.5 கிராமைக் கரைத்து 100 மி.லீ. ஆக்குங்கள். மங்கனீசு சல்பேற்று ஒருநீரேற்று 1.7 கிராம் சேர்த்தால் நேர்மின்வாய் கரைவதும் குறையும்.

உரிவதற்குக் காரணம் மூடுபனி. என்எம்பி காற்றின் ஈரத்தை இழுக்கும், பிவிடிஎஃப் நீரில் கரையாது. அதனால் காயுமுன்பே பிசின் பால்போலத் திரைந்து தகட்டைப் பிடிக்காமல் போகிறது. என்எம்பி கருவுக்குக் கேடு செய்யும் திரவம் வேறு; கையுறையில்லாமல் தொட வேண்டாம்.

மழைக்காலத்தில் நீரில் கரையும் கடற்பாசிப் பிசினான அல்ஜினேற்றுதான் நல்லது. 2% சோடியம் அல்ஜினேற்றுக் கரைசல் 5 மி.லீ.யில் 0.9 கிராம் கயோலினைக் கட்டியில்லாமல் அரையுங்கள். தகட்டை 800ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து, எதனோலால் துடைத்து, உடனே பூசுங்கள். இரு ஓரத்திலும் ஒட்டுநாடா மூன்று அடுக்கு ஒட்டி, கண்ணாடித் துண்டால் ஒரே இழுவையாக வழித்தால் காய்ந்தபின் ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர் நிற்கும். 60 பாகையில் நன்றாக உலர்த்தி, நாக சல்பேற்றில் சில நிமிடம் நனையுங்கள். நாக அயன் அல்ஜினேற்றைக் குறுக்குப் பிணைத்து இறுக்கிவிடும். பிவிஏ (நீரில் கரையும் இன்னொரு பிசின்) வேண்டாம், குறுக்குப் பிணைக்காவிட்டால் கலத்துக்குள் ஊறி இளகிவிடும்.

கரிக்கோல் (பண்டாரவளை):
போகல சுரங்கத்துக் காரீயம் எவ்வளவு தூய்மையானாலும் அது மின்னைக் கடத்தும். நாகம் பூச்சுக்கு அடியில் படியாமல் மேலேயே படியலாம். நாகத்தைத் தொட்டிருப்பதால் அரிப்பையும் தூண்டும். அயனைப் போகவிட்டு, இலத்திரனைத் தடுக்கும் கயோலின்தான் என் தெரிவு.

தகட்டை வெட்டிய பிறகே பூசுங்கள். வெட்டுவிளிம்பு திறந்திருந்தால், ஏற்றும்போது படியும் நாகம் ஊசிகளாக அங்கிருந்துதான் முளைக்கும்.

பனிமேடு:
நன்றி அண்ணே. 40 மைக்ரோமீற்றருக்குப் பூசினால் இன்னும் உழைக்குமா?

மின்பகுப்பான்:
இல்லை. தடை கூடும், உலரும்போதே வெடிக்கும். வெடிப்பு வழியே எல்லா மின்னோட்டமும் பாய்ந்து ஊசி முளைக்கும்.

கரிக்கோல்:
இரு பக்கமும் நாகத் தகடே வைத்த நாகம்–நாகம் கலத்தில் சோதிக்கும்போது ஒரு கவனம். சதுர செ.மீ.க்கு 1 மில்லியம்பியர்மணி என்றால் 1.7 மைக்ரோமீற்றர் நாகம்தான் நகரும், உங்கள் தகட்டில் 2%கூட இல்லை. அதில் எந்தப் பூச்சும் நல்ல பெயர் வாங்கும். 10 மில்லியம்பியர்மணிக்குச் சோதியுங்கள், பூசாத தகட்டையும் கூடவே ஓட்டுங்கள். வோல்ற்றளவு திடீரென விழுந்து தட்டையாக ஓடினால் உள்ளே குறுஞ்சுற்று. அதோடு எத்தனை தடவை ஏற்றி இறக்கியது என்ற எண்ணிக்கையை நிறுத்திவிடுங்கள்.