ஒரே பெயர் பொறித்த மூன்று சோடா பாட்டில்: அச்சு ஒன்றா, வேறா?

பச்சைச்சீசா கேட்டது:

ஒரே கம்பெனியின் கிரவுன் மூடி போடும் பழைய சோடா பாட்டில்கள் மூன்று இருக்கின்றன. வெளிர் நீலப்பச்சைக் கண்ணாடி. புடைப்பெழுத்தில் பெயரும் ஊரும் மூன்றிலும் ஒன்றே.

முதல் பாட்டிலில் பக்கவாட்டு அச்சுக்கோடு (அச்சின் இரு பாதியும் சேரும் இடத்தின் தடம்) கழுத்தில் ஏறி வாய்க்குச் சற்றுக் கீழே மறைந்துவிடுகிறது. உயரம் 182 மி.மீ. இரண்டாவதும் அப்படித்தான், ஆனால் 179 மி.மீ.; எழுத்து மங்கல், உடம்பு முழுக்க சுத்தியலால் தட்டியதுபோல் மேடுபள்ளம். மூன்றாவதில் கோடு வாயின் உச்சியையும் தாண்டுகிறது. அடியில் மையம் விலகிய ஒரு கரடுமுரடான வட்டத் தழும்பு.

மூன்றையும் தனித்தனி அச்சு வகையாகப் பதிவு செய்யலாமா? முதல் பாட்டிலில் வெள்ளைப் படலமும் இருக்கிறது. பளபளவென்று மெருகேற்றிவிட்டுப் படம் எடுக்கலாமென்று இருக்கிறேன்.

அடித்தழும்பு:

மூன்றாவதை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது எந்திரத்தில் பிறந்தது. அந்த வட்டத் தழும்பு, 1903 வாக்கில் வந்த மைக்கேல் ஓவன்ஸின் எந்திரம் கண்ணாடிக் குழம்பை உறிஞ்சிக் கத்தியால் வெட்டிய இடம். அச்சே வேறு, ஐயமில்லை.

முதல் இரண்டுக்கும் வாயை ஆள் கையால் செய்திருக்கிறார்கள். பாட்டிலை அச்சிலிருந்து எடுத்து, வாயை மறுபடி சூடாக்கி, இடுக்கிக் கருவியை நுழைத்துச் சுழற்றுவார்கள். அந்தச் சுழற்சியில்தான் கோடு அழிகிறது. கிரவுன் மூடிக்கு வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றது 1892-இல். ஆகவே இரண்டுமே அதற்கு முந்தியவையாக இருக்க முடியாது. எந்திரம் வந்த பிறகும் பல ஆண்டுகள் கைவேலை நடந்ததால், மூன்றாவதைவிட மூத்தவை என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

கைவேலை வாய் என்றால் 3 மி.மீ. வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஒரே அச்சில் அடுத்தடுத்து ஊதியவையே அப்படி வரும். மேடுபள்ளம், அச்சு போதிய சூடு ஏறுமுன் ஊதியதால். மங்கல் எழுத்து, காற்று போதாததால் அல்லது அச்சு தேய்ந்ததால். இந்த மூன்று வித்தியாசமும் தனி வகை ஆகாது. வகை வகை என்று நீளும் பட்டியல்களில் பாதி இந்தக் கணக்குதான்.

உண்மையான சோதனை எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அச்சிலும் எழுத்தைத் தனியாகக் கையால் வெட்டினார்கள். இரண்டு வெட்டு முழுக்க ஒத்துப்போகாது. மெல்லிய தாளைச் சுற்றி ஒட்டி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் படி எடுங்கள். இரு பக்கக் கோடும் அடி விளிம்பும் தாளில் பதிய வேண்டும், அவை இல்லாத படி வீண். இரண்டு தாளையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று பிடியுங்கள். மேல்வரியின் எந்த எழுத்துக்கு நேர் கீழே எந்த எழுத்து நிற்கிறது, புள்ளி எந்த மட்டத்தில், முதல் எழுத்துக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம்: எல்லாம் ஒத்துவந்தால் ஒரே அச்சு.

எழுத்துகள் தமக்குள் ஒத்துப்போய், கோட்டிலிருந்து மொத்தமாக நகர்ந்திருந்தால், பெயர்த்தகட்டை (பெயர் வெட்டிய, கழற்றி மாட்டும் தகடு) வேறு அச்சில் மாட்டியிருக்கிறார்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வட்டமோ நீள்வட்டமோ தெரியும்.

தேய்ந்த_அச்சு:

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: உடம்பையும் அடியையும் தனித்தனியா எழுதி வைங்க. கோடு குதிகாலை (உடம்பு அடியோடு சேரும் ஓரம்) சுத்திப் போனாலோ, அடியில் வட்டமா இருந்தாலோ, அடித்தகடு தனித் துண்டு. அதை மட்டும் மாத்தியிருப்பாங்க. அடியில் எண் மாறும், உடம்பு அச்சு பழசே. கோடு அடியைக் குறுக்கே வெட்டினா தனித்தகடு கிடையாது.

அப்புறம் கீறல். கண்ணாடியில் விழுந்த கீறல் பள்ளமா இருக்கும்; அச்சில் விழுந்த கீறல் கண்ணாடியில் மேடா வரும். நகத்தால் தடவினாலே தெரிஞ்சிடும். மேட்டுக்கீறல் ரெண்டு பாட்டிலிலும் ஒரே இடத்தில் இருந்து, ஒண்ணில் நீண்டிருந்தா, அதுதான் பின்னால் வந்தது.

பச்சைச்சீசா:

படி எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒட்டுகின்றன, கோட்டுத் தூரமும் சரி. ஆனால் இரண்டாவதில் பக்கக் கோடு தடிப்பு. பெயருக்குக் கீழே நிழல்போல் ஒரு பழைய எழுத்தும் தெரிகிறது, முதலாவதில் அது இல்லை.

தேய்ந்த_அச்சு:

கோடு தடிச்சா, அச்சோட ரெண்டு பாதியும் ஓரம் தேய்ஞ்சு சரியா மூடலைன்னு அர்த்தம். நிழல் எழுத்து வேற விஷயம், அதுதான் உங்ககிட்ட இருக்கிறதில் சுவாரசியமானது. பழைய எழுத்தைத் தட்டி நிரவிட்டு மேலே புதுசு வெட்டினா இப்படித்தான் தெரியும். முதல் பாட்டிலில் அந்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் திரும்பப் பாருங்க, படலம் மறைச்சிருக்கலாம். நிஜமாவே இல்லைன்னா ரெண்டும் வேற வேற அச்சா இருக்கலாம். வரி பொருந்தினாலும் ஒண்ணா எழுதாதீங்க.

அடித்தழும்பு:

படலத்துக்கு: தண்ணீரில் நனையுங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் கண்ணாடியின் மேல்தோலே அரித்துப்போயிருக்கிறது. கழுவி எடுக்க முடியாது. நனைந்தும் தெரிந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு, வினிகரில் ஊறவைத்தால் கரையும். வெந்நீர் ஊற்றாதீர்கள், தடித்த அடியில் விரிசல் ஓடும்.

மெருகேற்ற வேண்டாம். செம்புத் துண்டும் மெருகுப்பொடியும் போட்டு உருட்டினால் பளபளப்பு வரும், கூடவே எழுத்தின் ஓரமும் அந்த நிழல் எழுத்தும் மேட்டுக்கீறலும் மழுங்கிவிடும். கட்டாயம் செய்வதாக இருந்தால் படி எடுத்த பிறகு செய்யுங்கள். மெருகேறியது என்று பதிவிலும் குறியுங்கள்.

கோலிக்கண்:

இதே முறையைக் கோலி சோடா பாட்டிலுக்கும் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹிரம் காட் 1872-இல் காப்புரிமை எடுத்த அமைப்பில், கோலியை உள்ளே போட்ட பிறகே வாயை முடிப்பார்கள். அதனால் ரப்பர் வளையம் உட்காரும் காடி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். காடியை விட்டுவிட்டு உடம்பில் எழுத்தைப் பாருங்கள்.