கணக்கு வைக்காத ஸ்தோத்திரம்

அஸ்தம்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியை:

ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினேன். நாள்தோறும் காலையில் சேலத்திலிருந்து பேருந்தில் மலையேறி, மாலையில் இறங்குவேன். வீட்டில் அமைதியாக அமர்ந்து ஜெபிக்க நேரம் வாய்க்காததால், அடிவாரத்தைத் தாண்டிய பின் வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு வாரங்கள் அது நன்றாகவே நடந்தது. அதன்பின், வளைவின் எண் பலகையைக் கண்டதும் உதடுகள் அசைந்தனவே தவிர, மனம் திருத்தாத விடைத்தாள்களைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாலையில் நான் பேருந்துக்கு நிற்கும் இடத்தில், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வயதான அம்மா ஒருவரும் நிற்பார். மூடுபனி இறங்கினாலும், மழை பிடித்தாலும், யாரேனும் கைப்பிள்ளையோடு வந்து நின்றாலும், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதைப் போலவே "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். என் கணக்கை ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"கணக்கு எதுக்குங்க டீச்சர்? கண்ணுல பட்டா சொல்லிருங்க. அவர் செஞ்சு வெச்சதப் பாத்துட்டுப் பேசாமப் போனா நல்லா இருக்குங்களா?" என்றார்.

துதிக்கும் நன்றிக்கும் உள்ள வேறுபாட்டை நான் உணர்ந்தது அன்றுதான். நமக்குக் கிடைத்ததற்காகச் சொல்வது நன்றி. நமக்கு ஒன்றும் கிடைக்காதபோதும் அவர் செயல் அழகாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது துதி. இந்த மலைக்குக் காப்பிச் செடி வந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியும், விளைச்சல் இன்னும் கோடையின் தொடக்கத்தில் பெய்யும் ஒரு மழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அம்மழை பெய்து சுமார் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் வெண்மையாகப் பூத்து, மல்லிகையைப் போல மணக்கும். மூன்று நான்கு நாட்களில் பூ வாடிவிடும். பூவில் அந்த அம்மாவுக்குக் கூலி இல்லை. பழம் பறிக்கத்தான் கூலி. ஆயினும் அந்நாட்களில் அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, கூலி வாங்கிய நாட்களில்கூட நான் கண்டதில்லை. மழை தவறிய ஓர் ஆண்டில், "இந்த வருசம் பூவே காணோமுங்க, ஆண்டவரே" என்று அவரிடமே முறையிட்டுவிட்டு, சற்று நேரம் கழித்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைக் காட்டி ஸ்தோத்திரம் சொன்னார். முறையீடும் துதியும் ஒரே வாயிலிருந்து வந்தன. இரண்டிலும் பொய் இல்லை.

என் தாயார் இறந்த பின் பல வாரங்கள் என்னால் அந்தச் சொல்லை உச்சரிக்கவே முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்த போதகர், சங்கீதப் புத்தகத்துக்கு எபிரேய மொழியில் 'துதிகள்' என்றே பெயர் என்றும், ஆனால் அதிலுள்ள 150 சங்கீதங்களில் மிகப் பல அழுகையும் முறையீடுமாகவே இருக்கின்றன என்றும் சொன்னார். அது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. மீண்டும் வேலைக்குச் சென்ற நாளில் அந்த அம்மா ஆறுதல் வார்த்தை எதுவும் கூறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்ல வேண்டாம் டீச்சர், உங்களுக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன்" என்றார். பேருந்து வரும்வரை கையை விடவில்லை.

இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது, ஜன்னல் வழியே மலை தெரிந்தால், சொல்கிறேன். மேகம் மூடித் தெரியாவிட்டாலும் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர்:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் எங்கள் பட்டறை நினைவுக்கு வந்தது. நான் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். கண்ணும் கையும் நெருப்பிலேயே இருக்க வேண்டிய தொழில் என்பதால், வேலைக்கு நடுவில் நீண்ட செபம் இயலாது. கத்தோலிக்கர்களாகிய நாங்கள் காலை 6, நண்பகல் 12, மாலை 6 என மூன்று வேளையும் வானதூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தியை நினைத்துச் செபிப்பது வழக்கம். ஆனால் நான் வெகுகாலம் நண்பகல் வேளையை விட்டுவிட்டேன். கணக்கு வைக்க வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னது மிகச் சரி. எனினும் என்னைப் போன்ற மறதிக்காரனுக்கு ஒரு மணியோசை தேவைப்படுகிறது. இப்போது 12 மணிக்குக் கைப்பேசி ஒலித்ததும் ஊதுகுழலைக் கீழே வைத்து, "இறைவா, உமக்கே புகழ்" என்று ஒரு வரி மட்டும் சொல்கிறேன்.

எனக்கு எதிரே அமர்ந்து வேலை செய்யும் அண்ணன் முருக பக்தர். முதல் சில நாட்கள் அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த ஒலி கேட்டபோது, அவரும் இடுப்பை நிமிர்த்தி, "முருகா, இதுவரைக்கும் நல்லா ஓட்டுனப்பா" என்றார். கைப்பேசியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒருநாள், "தம்பி, மணி பன்னெண்டு ஆச்சு" என்று எனக்கு நினைவூட்டியவரும் அவர்தான்.