நியூட்ரலைசேஷனுக்கு ‘நடுநிலையாக்கம்’ பொருந்துமா?

வணக்கம்.

வால்வு (வெற்றிடக் குழாய்) டிரான்ஸ்மிட்டர் பழுதுபார்ப்புக் குறிப்பில் நியூட்ரலைசேஷன் வருமிடமெல்லாம் ‘நடுநிலையாக்கம்’ என்று இருக்கிறது. படித்தால் அமிலமும் காரமும்தான் நினைவுக்கு வருகின்றன. வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டிலிருந்து உள்ளீட்டு முனையான கிரிட்டுக்குச் சிக்னல் கசிவதைத்தானே நிறுத்துகிறோம்? ‘கசிவு நீக்கம்’ என்று வைத்தால் என்ன?

———

> கசிவு நீக்கம்

இரண்டு பாதியுமே இடிக்கிறது, ஐயா.

பழைய செட்டைத் திறப்பவருக்குக் கசிவு என்றால் காகிதக் கப்ளிங் கெப்பாசிட்டர்தான். அது கசிந்தால் முந்தைய நிலையின் நேர் மின்னழுத்தம் அடுத்த வால்வின் கிரிட்டில் ஏறும். பயாஸ் (கிரிட்டுக்குத் தரும் நிலையான டிசி மின்னழுத்தம்) குலைந்து பிளேட் சிவக்கும். அது டிசி பழுது, மருந்து புதுக் கெப்பாசிட்டர். நாம் பேசுவதோ வால்வுக்குள்ளேயே இருக்கும் கிரிட்–பிளேட் மின்தேக்குத்திறன். 6146 என்ற டிரான்ஸ்மிட்டர் வால்வில் அது சுமார் 0.24 பிக்கோ ஃபாரட். 3.5 மெகா ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 190 கிலோ ஓம் தடையாக நிற்பது, 28 மெகா ஹெர்ட்ஸுக்குப் போனதும் 24 கிலோ ஓம் ஆகச் சுருங்கிவிடும். 80 மீட்டர் பேண்டில் (3.5 மெகா ஹெர்ட்ஸ்) சாதுவாக இருக்கும் செட் 10 மீட்டரில் (28) தானாகவே அலைவெழுப்பத் தொடங்குவது இதனால்தான்.

‘நீக்கம்’ என்பதும் தவறு. அந்த 0.24 எங்கும் போவதில்லை. பிளேட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து, சின்ன கெப்பாசிட்டர் வழியாக எதிர்க்கட்டத்தில் (அலையைத் தலைகீழாக்கி) கிரிட் சுற்றுக்குத் தருகிறோம். கிரிட் டேங்கின் (காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த டியூனிங் சுற்றின்) அடிமுனையில் இன்னொரு கெப்பாசிட்டர் இருக்கும். சின்னதற்கும் அடிமுனையதற்கும் உள்ள விகிதம், கிரிட்–பிளேட் தேக்குத்திறனுக்கும் கிரிட்–கேத்தோடு தேக்குத்திறனுக்கும் உள்ள விகிதமாக வந்தால் வேலை முடிந்தது. நான்கு கை, ஒரு விகிதம்: பிளஸ் டூவில் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்றேதான்! ஆகவே ‘பின்னூட்டச் சமன்’. அந்தச் சின்ன கெப்பாசிட்டர் ‘சமன்தேக்கி’. ‘சமன்செய்’ என்று வினையாகவும் வரும்.

சோதிக்கும் முறையிலும் சொல் பொருந்துகிறது. பிளேட், ஸ்கிரீன் (இரண்டாவது கிரிட்) இரண்டின் சப்ளையையும் கழற்றிவிட வேண்டும். ஸ்கிரீனை மறந்தால் சோதனை வீண். (600, 700 வோல்ட் தேங்கியிருக்கும் இடம். தேங்கியதை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அதை நம்பாமல் காப்பிட்ட பிடியுள்ள உலோகக் கோலால் ஃபில்டர் கெப்பாசிட்டரை ஷார்ட் செய்துவிட்டே கை வைக்கவும்.) ஹீட்டரும் பயாஸும் இருக்கட்டும். செட்டின் மிக உயர்ந்த பேண்டில் டிரைவ் (உள்ளீட்டுச் சிக்னல்) கொடுத்து, கிரிட் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும்போது பிளேட் டியூனிங்கை மெதுவாகச் சுற்றினால், ஓரிடத்தில் முள் துள்ளும். அந்தத் துள்ளல் மறையும் வரை சமன்தேக்கியைப் பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்ப வேண்டும். கால்வனோமீட்டர் முள் அசையாவிட்டால் சமன் என்பதுபோல, இங்கே கிரிட் மீட்டர் முள்.

———

சமன் சரி. ஆனால் பாராசிட்டிக் அலைவும் இதில் அடங்குமா? இரண்டையும் ஒரே பத்தியில் போட்டிருக்கிறார்கள்.

———

அடங்காது, பத்தியைப் பிரித்தே ஆக வேண்டும். அது ‘ஒட்டுண்ணி அலைவு’. பெரும்பாலும் 100 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே, வயர்களின் நீளமே காயிலாகி எழுவது. சமன்தேக்கியை எவ்வளவு திருகினாலும் போகாது. அதை அடக்கவே பிளேட் தொப்பியருகே 47 முதல் 100 ஓம் வரையான கார்பன் ரெசிஸ்டர்மேல் சில சுற்றுக் கம்பி சுற்றியிருக்கும். அது கருகியிருந்தால் சந்தேகம் அங்கேதான். வயர்வவுண்ட் ரெசிஸ்டர் போட்டால் அதுவே இன்னொரு காயில்.

சமன் கெட்டதற்கு அடையாளம் வேறு: பிளேட் மின்னோட்டம் குழியும் இடமும் கிரிட் மின்னோட்டம் உச்சம் தொடும் இடமும் ஒன்றாக வராது. 6146-ஐ எடுத்துவிட்டு அதன் பிந்தைய வடிவமான 6146பி செருகியவர்கள் இதை மறுபடி பார்க்க வேண்டும் என்று குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்.

‘நியூட்ரோடைன்’ மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். அது அமெரிக்கப் பொறியாளர் ஹேசல்டைன், இதே சமன் முறையில் அமைத்த தன் ரிசீவருக்கு வைத்த பெயர். அதை அப்படியே விடுவோம்.