பல்லு வேலைக்குப் பிறகு மூக்கால் இரத்தம் – உடனே பதில் தேவை

உப்புவெளியான் (இரவு 9.40)
அம்மாவுக்குப் பல்லு வேலை செய்தது. இப்போது மூக்கால் இரத்தம். செய்த டொக்டர் போன் எடுக்கவில்லை. பல்லுக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு? யாராவது சொல்லுங்கள்.

நிலாவெளி அக்கா
தம்பி, மேல் பல்லா கீழ்ப் பல்லா? பிடுங்கினதா, இல்லை எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல், இம்பிளாண்டா? செய்து எத்தனை நாள்? ஒரு பக்க மூக்கா, இரண்டுமா? அம்மா என்ன குளிசை எடுக்கிறா? ஒன்றையும் எழுதவில்லையே.

தம்பலகாமம்77
உடம்புச் சூடு. இந்த வெயிலுக்கு என் மகனுக்கும் அடிக்கடி வரும். இரண்டு இளநீர் கொடுங்கள், சரியாகிவிடும்.

கடற்காகம்
சூடு இல்லை, பிரஷர். முதலில் அளந்து பாருங்கள். என் மாமாவுக்கும் இப்படித்தான்.

விலங்கியல் மாஸ்டர்
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. இந்தக் குழுவில் எத்தனை தரம் சொல்லிவிட்டேன். மேல்தாடை எலும்புக்குள் சைனஸ் என்கிற காற்று நிறைந்த குழி உண்டு. கடைவாய்ப் பற்களின் வேர் அதன் தரையை ஒட்டித்தான் நிற்கும். அந்தக் குழி மூக்கில்தான் திறக்கிறது. ஓ.எல் படித்தவருக்கே விளங்கும்.

உப்புவெளியான்
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். வலது பக்க மேல் கடைவாய். இம்பிளாண்ட் வைக்க எலும்பு காணாது என்று கன்னத்துப் பக்கத்தால் ஜன்னல் மாதிரி வெட்டி எலும்புத்தூள் வைத்தார்கள். கொழும்பில். இன்று மூன்றாம் நாள். நேற்று இரவு ஏசி பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்தோம், வழி முழுக்கத் தும்மல். இன்று சேலைத் தலைப்பில் மூக்கைச் சீந்தினா, புளிக்கரைசல் நிறத்தில் கட்டி வந்தது. அதற்குப் பிறகு குனிந்தால் சொட்டுகிறது. வலது பக்கம் மட்டும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுக்கிறா.

பல்லு டொக்டர் (மூதூர்)
இப்போது விளங்குகிறது. அந்த ஜன்னல் வெட்டும் எலும்புச் சுவருக்குள்ளேயே ஒரு இரத்தக்குழாய் ஓடுகிறது. கடைவாய்க்குப் பின்னால் இருந்து வரும் கிளையும் கண்ணுக்குக் கீழே இருந்து வரும் கிளையும் அங்கே சந்திக்கின்றன. இரண்டும் மேல்தாடை நாடி என்கிற இரத்தக்குழாயின் பிள்ளைகள். பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லியது, சிலருக்கு இரண்டைத் தாண்டும். பல் இருந்த விளிம்பில் இருந்து சராசரியாக ஒன்றரை சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே ஓடும். பல் போய் எலும்பு தேய்ந்தவர்களுக்கு அந்தத் தூரம் இன்னும் குறையும், ஜன்னல் சரியாக அதன்மேல் விழுந்துவிடும். உயிருக்கு ஆபத்தான குழாய் இல்லை, ஆனால் வெட்டுப்பட்டால் வேலை செய்யும் இடம் இரத்தத்தால் மறைந்துவிடும். அம்மாவுக்கு இன்று புதிதாக வெட்டுப்பட்டது என்று இல்லை. குழியின் வாசல் மேலே இருக்கிறது. உள்ளே தேங்கின பழைய இரத்தம் குனிந்தால்தான் வழியும். கபில நிறம் என்றால் பெரும்பாலும் அதுதான்.

சீந்தவே வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். ஸ்ட்ரோ வேண்டாம். தலையை உயர்த்திப் படுக்கட்டும். சிவப்பாக நிற்காமல் வந்தாலும், தொண்டைக்குள் இறங்கினாலும், கன்னம் வீங்கினாலும் காலைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மதுரைப்பையன்
சார், முதல்லயே சிடி ஸ்கேன் எடுத்திருந்தா அந்தத் தமனி தெரிஞ்சிருக்குமே?

பல்லு டொக்டர் (மூதூர்)
எல்லோருக்கும் அது ஸ்கேனில் தெரிவதில்லை. குழாய் இருக்கும், மெல்லியதாக இருந்தால் படத்தில் விழாது.

விலங்கியல் மாஸ்டர்
தமனி அல்ல, நாடி. நம் பாடநூலில் நாடி, நாளம், குருதி. இந்தியச் சொல்லைக் கொண்டுவந்து பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

மதுரைப்பையன்
எங்க ஊர்ல நாடின்னா கையப் புடிச்சுப் பாக்கிறது சார். தமனி, சிரைன்னு படிச்சுத்தான் நான் நர்சிங் முடிச்சேன்.

விலங்கியல் மாஸ்டர்
படித்ததற்காகச் சரியாகிவிடாது.

உப்புவெளியான்
நாடி பார்த்தேன் டொக்டர், 84.

நிலாவெளி அக்கா
ஐயோ தம்பி, அந்த நாடி இல்லை. மாஸ்டர், இந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்ப்போம், சொல்லை நாளைக்குப் பார்ப்போம்.

தம்பலகாமம்77
நான் அப்போதே சொன்னேன், ஏசி பஸ். உள்ளே குளிர், வெளியே சூடு.

விலங்கியல் மாஸ்டர்
சொல் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும், தங்கச்சி. அப்புறம், "எனக்குச் சைனஸ் இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்து: சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. அது வருத்தத்தின் பெயர் அல்ல.

கடற்காகம்
எனக்கு இருக்கிறது வருத்தம்தான் மாஸ்டர். காலையில் எழும்பிப் பாருங்கள், தெரியும்.

உப்புவெளியான் (காலை 7.15)
இரவு பதினொன்றுக்குச் சிவப்பாக வந்தது, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிமிர்த்தி இருத்தி, ஐஸ் வைத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் நின்றது. கொழும்பு டொக்டரும் எடுத்தார். நன்றி.

நிலாவெளி அக்கா
நல்லது தம்பி. அஸ்பிரினுக்கு என்ன சொன்னார்கள்?

மதுரைப்பையன்
மாஸ்டர் சார், அப்போ நாளம்னா சிரையா?