புதுப்பிப்பு: டைரோசினேஸ் – தங்க நானோதுகள் மின்முனையில் சிக்னல் சரிவு (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கடலூர் நிலத்தடி நீரில் கேட்டகால் (ஃபீனால் வகை மாசு) அளக்க, அச்சிட்ட கார்பன் மின்முனையில் தங்க நானோதுகளையும் டைரோசினேஸையும் (கேட்டகாலை ஆக்சிஜனேற்றும் நொதி) கைட்டோசானில் (படலமாகப் படியும் பாலிமர்) கலந்து பூசினால், கழுவக் கழுவ மின்னோட்டம் ஏன் குறைகிறது?

நொதி கசிவதுதான் காரணம். நாஃபியான் (அயனி கடத்தும் பாலிமர்) மேல்பூச்சு கசிவைக் குறைத்தது, ஆனால் சிக்னல் மந்தமாகிவிட்டது. கைகொடுத்தது நீங்கள் சொன்ன யோசனை: நொதியைப் படலத்தோடு குறுக்கே பிணைக்கும் குளூட்டரால்டிஹைடு. 0.5% கைட்டோசான் (1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, பிஹெச் 5.5-க்கு ஏற்றியது), நானோதுகள், நொதி, கொஞ்சம் ஆல்புமின் எல்லாம் சேர்த்து 5 மைக்ரோலிட்டர் துளி. உலர்ந்ததும் மேலே 0.25% குளூட்டரால்டிஹைடு 2 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில். குளூட்டரால்டிஹைடின் செறிவை அதற்கு மேல் ஏற்றினால் நொதியின் வீரியமே போய்விடும். நம்மூர்க் கடற்கரை ஈரத்தில் துளி மெல்லக் காய்ந்து ஓரத்தில் வளையம் கட்டும். சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) உலர்த்துங்கள்.

எதிர்பாராதது ஒன்று: கிணற்றுக்குக் கிணறு மின்னோட்ட உச்சம் வரும் மின்னழுத்தம் நகர்ந்தது. அச்சிட்ட வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு முனையின் (மின்னழுத்தத்தை இதை வைத்துத்தான் அளக்கிறோம்) மின்னழுத்தம் நீரின் குளோரைடுக்கு ஏற்ப ஆடும். குளோரைடு பத்து மடங்கு மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட். உப்பேறிய கிணறுகளில் இது சின்ன விஷயமில்லை. மாதிரி, தரக்கரைசல் இரண்டையும் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கலந்த பாஸ்பேட் பஃபரில் பத்து மடங்கு நீர்க்க வைத்ததும் உச்சம் ஒரே இடத்தில் நின்றது.

மாதிரி கெடாமலிருக்க சோடியம் அசைடு மட்டும் போடாதீர்கள். டைரோசினேஸை முடக்கிவிடும்.